ஜன்னல் கண்ணாடியில் நாலாம் பரிமாணம்

கொடைக்கானலில் மழை நாளில் ஜன்னல் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துக் கிடக்கும். என் மகளுக்கு அதுதான் கரும்பலகை. அதில் ஒரு சதுரம் போடுங்கள். சற்றுத் தள்ளி இன்னொன்று. மூலைக்கு மூலை இணைத்தால் கனசதுரம். சரி, அதே வேலையைக் கனசதுரத்துக்கும் செய்யுங்கள்: தள்ளி இன்னொரு கனசதுரம் வரைந்து, ஒத்த 8 மூலைகளையும் கோடு போட்டு இணையுங்கள். நீளம், அகலம், உயரத்தோடு நாலாவதாக ஒரு திசையும் கொண்ட நான்கு பரிமாணக் கனசதுரம் வந்துவிட்டது (தட்டைக் கண்ணாடியில் அதன் நிழல்தான், அசல் அல்ல!). மூலைகள் 16. விளிம்புகளை மனப்பாடம் செய்ய வேண்டாம்: பழையது 12, புதியது 12, இணைத்த கோடுகள் 8, ஆக 32. முகங்களில்தான் பலரும் சறுக்குவார்கள். இரண்டு கனசதுரத்துக்கும் ஆறாறு. அப்புறம், முதல் கனசதுரமே இரண்டாவதன் இடத்துக்கு நகர்ந்ததாக நினைத்தால், அதன் ஒவ்வொரு விளிம்பும் நகர்ந்த தடமும் ஒரு சதுரம், அது 12. மொத்தம் 24. கண்ணாடியில் நீர் வழிவதற்குள் எண்ணிவிடுங்கள். தாளில் என்றால் இரண்டாவது கனசதுரத்துக்கு வேறு நிறப் பென்சில்.