டெல்லியில ஒரு நாள்: போர் நினைவுச் சின்னங்களை நிதானமா சுத்திப் பாக்கிறது எப்படி

டெல்லி போற நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேர் இந்தியா கேட் முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு ஓடிடுறாங்க. ஒரு நாள் ஃப்ரீயா இருந்தா இப்படிப் பண்ணுங்க, காலையில வடக்கு டெல்லியில 1857 சிப்பாய்க் கலகத்தோட சின்னங்கள்ல ஆரம்பிச்சு சாயங்காலம் இந்தியா கேட் பக்கம் முடிங்க, கடைசி இடத்துல சூரியன் இறங்கறப்போ இருந்தே ஆகணும். நவம்பர், பிப்ரவரி நல்ல டைம். குடியரசு தினத்தை ஒட்டிப் போகாதீங்க, பரேடு ரிகர்சல்னு கர்தவ்யா பாத் (பழைய ராஜ்பாத்) பக்கம் அடைச்சு வச்சிருப்பாங்க.

மெட்ரோ ரெட் லைன்ல புல் பங்கஷ் இறங்கி ரிட்ஜ்னு சொல்ற மேட்டு மேல ஏறினா அஜித்கர். சிவப்புக் கல்லுல சர்ச் கோபுரம் மாதிரி நிக்கும். 1857 சண்டையில தங்களோட பக்கம் செத்தவங்களுக்காக பிரிட்டிஷ்காரங்க 1863ல கட்டினது. 1972ல நம்ம அரசாங்கம் அதை இடிக்கல, அங்கேயே ஒரு பலகை வச்சு, இந்தக் கல்வெட்டு எதிரின்னு சொல்றவங்கதான் அன்னிய ஆட்சியை எதிர்த்து வீரமா போராடினவங்கன்னு எழுதிட்டாங்க. ரெண்டையும் பொறுமையா படிங்க, என்னைக் கேட்டா மொத்த டெல்லியிலயும் இதுதான் சுவாரஸ்யமான சின்னம், கூட்டமும் இருக்காது. கையில சிப்ஸ் பாக்கெட் வேண்டாம், குரங்கு இருக்கு.

அங்கிருந்து ஆட்டோவுல காஷ்மீரி கேட். 1857 செப்டம்பர் 14ல பிரிட்டிஷ் படை வெடி வச்சுத் தகர்த்த வாசல் இதுதான், குண்டு பட்ட தழும்பு செங்கல்லுல இன்னும் தெரியும். கால் மணி நேரம் போதும்.

அப்புறம் வயலட் லைன்ல மண்டி ஹவுஸ் வந்து ஆந்திரா பவன்ல சாப்பாடு, கியூ நிக்கணும், ஆனா பருப்புப்பொடி நெய்க்காகவே நிக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் இந்தியா கேட். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் டிசைன், 1931ல திறந்தாங்க, 42 மீட்டர் உயரம். முதல் உலகப் போர்லயும் 1919 ஆப்கான் போர்லயும் செத்தவங்க 13,000 பேருக்கு மேல பேர் செதுக்கியிருக்கு, ஆனா தள்ளி நின்னுதான் பாக்கணும், அதனால மேல இருக்கிற பேரெல்லாம் படிக்க ஜூம் நல்லா இருக்கிற கேமரா வேணும்.

பின்னாடியே தேசிய போர் நினைவகம், 2019ல திறந்தது, இதுக்குக் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் வைங்க. டிசைன் பண்ணினது சென்னைக்காரர் யோகேஷ் சந்திரஹாசன். ஒண்ணுக்குள்ள ஒண்ணா வட்டம் வட்டமா போகும், அதுல தியாக் சக்ராங்கிற வட்டத்துல சுதந்திரத்துக்கு அப்புறம் செத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்கள் பேர், ஆளுக்கு ஒரு கிரானைட் கல், தங்க எழுத்து. சும்மா நடந்துக்கிட்டே பாத்தா எல்லாமே ஒரே மாதிரி தெரியும், அதனால ஒரு பேரை மனசுல வச்சுக்கிட்டு தேடுங்க, மேஜர் முகுந்த் வரதராஜன் பேரை வச்சே ஆரம்பிக்கலாம். தேடறப்போ பக்கத்துக் கல்லுங்களையும் தானா படிப்பீங்க. பரம் யோதா ஸ்தல்ங்கிற பகுதியில, போர்க்கள வீரத்துக்கான நாட்டோட உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா வாங்கின 21 பேரோட மார்பளவுச் சிலை இருக்கு, 1987ல இலங்கையில செத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனை அங்க பாக்கலாம்.

சூரியன் மறையறதுக்கு முன்னாடி ரிட்ரீட்ங்கிற ராணுவ மரியாதைச் சடங்கு அங்க நடக்கும், கொஞ்சம் முன்னாடியே போய் இடம் பிடிச்சிடுங்க. முடிஞ்சதும் வாசல்ல ஆட்டோ பிடிக்காதீங்க, வாய்க்கு வந்த ரேட் சொல்லுவான், கர்தவ்யா பாத் வழியா மெதுவா நடந்தா சென்ட்ரல் செக்ரடேரியட் மெட்ரோ வந்துடும்.