காலையில் வராது, சாயங்காலம் வரும்: சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் திங்கள்சந்தையிலிருந்து ஒரு காலேஜ் பையன் கேபினட்டைத் துவர்த்தில் (துண்டில்) சுற்றி, நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டே தக்கலைக்கு என் வீட்டுக்கு வந்தான். “அண்ணே, காலையில போட்டா ஃபேன் சுத்தும், டிஸ்பிளே வராது. நாலஞ்சு தடவை ஆஃப் பண்ணிப் போட்டா வரும். வந்துட்டா ராத்திரி வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல” என்றான்.

இரண்டு வாரத்தில் அவன் ரேம் மாற்றிவிட்டான், விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டுவிட்டான், செகண்ட் ஹாண்டில் ஒரு மதர்போர்டுக்கு விலையும் பேசிக்கொண்டிருந்தான். என் முதல் மெஷினில் நான் செய்தது அத்தனையும் அதே வரிசையில். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பின்பக்க ஸ்விட்ச் ஆஃபில் இருப்பது, மானிட்டர் வயரை இடம் மாற்றிச் செருகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இருந்தால் எந்த நாளும் டிஸ்பிளே வராது. சில நாள் வந்து சில நாள் வராத மெஷின்தான் ஆளைச் சுற்ற வைக்கும்.

ஒரு தடவை வந்ததும் சரியாகிவிட்டது என்று நம்புவது

ரேமைக் கழற்றி மாட்டுகிறோம், டிஸ்பிளே வருகிறது. ஆகவே ரேம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் இந்த மெஷின் ஐந்தாவது தடவை எப்படியும் வந்திருக்கும். நாம் ரேமைத் தொட்டது அந்த ஐந்தாவது தடவையாக இருந்திருக்கலாம்.

அதனால் ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள், அதற்கு முன் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது, சுவர் ஸ்விட்சையும் அணைத்திருந்தீர்களா, ஃபேன் சுற்றியதா, மதர்போர்டில் எந்த விளக்கு எரிந்தது. இப்போது வரும் பல போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்பிளே கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் உண்டு. எதில் நிற்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். நாலு நாள் எழுதினாலே நோய் பாதி பிடிபடும். டிஸ்பிளேயே வராத நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்பதும் புரியும். அதைத் திரும்பப் போட்டு ஒரு பயனும் இல்லை.

சுவர் ஸ்விட்சைக் கணக்கில் எடுக்காதது

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை இடிக்குப் பயந்து ராத்திரி பிளக்கையே உருவிவிட்டுப் படுப்பவர்கள் நாம். அது நல்ல பழக்கம்தான், விடவேண்டாம். ஆனால் பிளக் செருகியிருக்கும்வரை, மெஷின் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிளக்கை உருவினால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மெஷினை எழுப்பும் மதர்போர்டு புரோகிராம்) செட்டிங்கைக் காப்பது அந்தக் காசு அளவு சிஆர்2032 பேட்டரி மட்டும். அது தளர்ந்திருந்தால் காலையில் தேதி மாறியிருக்கும், செட்டிங் போயிருக்கும், சில போர்டு இரண்டு மூன்று தடவை தானாகவே அணைந்து திரும்ப ஆன் ஆகும். மல்டிமீட்டரில் 3 வோல்ட் அளவு காட்ட வேண்டும். நன்றாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மதர்போர்டுக்கு விலை கேட்கும் முன் இதைப் பாருங்கள்.

ரேமை அழிரப்பரால் தேய்ப்பது

குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் எதுவும் களிம்பு பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஸ்லாட்டுக்குள் போகும் ரேமின் விளிம்புப் பட்டைகளில் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. மாதம் ஒருமுறை ரப்பரால் தேய்த்தால் அது போய்விடும், ரப்பர் தூளும் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். இரண்டு ரேம் என்றால் சிபியு பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். பெரும்பாலான போர்டுக்கு இதுதான், மானுவலைப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) அணைத்துவிட்டுச் சோதியுங்கள். டிடிஆர்5 வகை ரேம் உள்ள மெஷினில் ரேம் மாற்றிய பிறகு முதல் தடவை டிஸ்பிளே வரச் சில நிமிடம் ஆகலாம். பொறுக்காமல் பட்டனை அமுக்கி அணைக்காதீர்கள்.

ஒரே நாளில் மூன்று பொருளை மாற்றுவது

ஒன்றை மாற்றுங்கள், மூன்று நாள் காலையில் போட்டுப் பாருங்கள்.

இந்த நிலையில் பயாஸ் அப்டேட் செய்வது

வேண்டவே வேண்டாம். பாதியில் நின்றால் போர்டும் போகும்.

மீட்டர் 12 காட்டியது, எஸ்எம்பிஎஸ் நல்லது

12 வோல்ட் லைனில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் சும்மா வைத்து அளந்தால் அதற்குள்தான் காட்டும். தகராறு வருவது ஆன் செய்த முதல் அரை நொடியில். லைன்கள் நிலைக்கு வந்ததும் எஸ்எம்பிஎஸ் ‘பவர் குட்’ என்று ஒரு சிக்னல் அனுப்பும். அது கிடைக்கும்வரை போர்டு சிபியுவைக் கிளப்பாது. உள்ளே கெபாசிட்டர் வற்றிப்போயிருந்தால் அந்த முதல் இழுப்பில் தடுமாறும், கொஞ்சம் சூடானதும் சமாளித்துவிடும். காலையில் அடம்பிடித்துச் சாயங்காலம் ஒழுங்காக வரும் மெஷினில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இதை மீட்டர் காட்டாது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

புது எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய கேபிளைச் செருகுவது

இதைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

என் மெஷினில் கோளாறு எஸ்எம்பிஎஸ்தான் என்று ஒருவழியாகக் கண்டுபிடித்து, புதிதாக ஒரு மாடுலர் வாங்கினேன். கேபிளைத் தனித்தனியாகச் செருகும் வகை. மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளையும் சிபியு கேபிளையும் மாற்றினேன். ஹார்ட் டிஸ்குக்கும் எஸ்எஸ்டிக்கும் போகும் சாட்டா பவர் கேபிளை மட்டும் மாற்றவில்லை. கேபினட்டின் பின்தட்டில் ஏழெட்டு பிளாஸ்டிக் டை போட்டு அழகாகக் கட்டி வைத்திருந்தேன், வெட்ட மனசு வரவில்லை. பழைய கேபிளின் முனை புது எஸ்எம்பிஎஸ்ஸின் ஓட்டையில் கிளிக் என்று உட்கார்ந்தது. அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

பட்டனை அமுக்கினேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. டிஸ்க் பக்கமிருந்து கருகிய வாடை வந்தது.

கேபிளின் டிஸ்க் பக்க முனைக்கு ஒரே அளவு, ஒரே வரிசை என்று விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு அப்படி எந்தப் பொது விதியும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வரிசை வைக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேகூட வித்தியாசம் இருக்கும். ஓட்டை மட்டும் ஒரே வடிவம். என் கேபிளில் 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது.

எஸ்எஸ்டி அங்கேயே செத்தது, அதிலிருந்து எதுவும் மீளவில்லை. ஹார்ட் டிஸ்கில் அக்கா கல்யாணப் போட்டோ முழுவதும் இருந்தது, வேறு காப்பி கிடையாது. திருவனந்தபுரத்தில் டேட்டா மீட்கும் ஒருவர் அதே மாடல் டிஸ்கின் போர்டைத் தேடிப்பிடித்து, எங்கள் போர்டிலிருந்த எட்டுக்கால் ரோம் சிப்பை (அந்த டிஸ்குக்கே உரிய விவரங்கள் இருக்கும் சிப்) அதில் மாற்றிச் சால்டர் செய்து படங்களை எடுத்துத் தந்தார். அந்தச் சிப்பை மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் இப்போதைய டிஸ்குகள் பெரும்பாலும் படிக்காது. அவருக்குக் கொடுத்த பணத்தில் புது மதர்போர்டும் ரேமும் வாங்கியிருக்கலாம். எல்லாம் ஏழெட்டு டையை வெட்டாததால்.

ஆகவே எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கேபிள் ஒன்று விடாமல் மாற்றுங்கள். பெட்டியோடு வந்த கேபிள் தொலைந்திருந்தால் அந்த மாடல் நம்பருக்கென்றே விற்பதை வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் டிஸ்கை மாட்டாமல் முதலில் மோலெக்ஸ் (நான்கு பின் உள்ள பெரிய) முனையை அளந்து பாருங்கள். நடுவில் இரண்டும் கிரவுண்ட், ஒரு ஓரம் 12, மறு ஓரம் 5. மஞ்சள், சிவப்பு நிறம் இருந்தால் மஞ்சள் 12, சிவப்பு 5. ஒரு கேபிளை அளந்துவிட்டு இன்னொன்றை நம்பாதீர்கள், ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும்.

மூன்றாவது பின்னுக்கு எர்த் இல்லாத பிளக்

பழைய ஓட்டு வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் கம்பி இருக்காது. கேபினட்டைத் தொட்டால் விரல் சுருக்கென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெஷினைவிட நீங்கள் முக்கியம்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பேட்டரி சரியாக இருந்தது. என்னிடம் இருந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, அவன் மெஷினை மூன்று நாள் இங்கேயே வைத்துக் காலையில் போட்டுப் பார்த்தேன். மூன்று நாளும் முதல் அமுக்கிலேயே வந்தது. நாலாம் நாள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வெளியே எடுத்தான்.

“கேபிள் பழசே நல்லா இருக்குண்ணே, பின்னால கட்டி வச்சிருக்கேன்.”

“மக்கா, அந்தக் கத்திரிக்கோலை எடு” என்றேன். பதினோரு டை இருந்தது. எல்லாவற்றையும் அவன் கையாலேயே வெட்டவைத்தேன். பழைய கேபிள்களைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, மேலே மாடல் நம்பரை எழுதிக் கொடுத்தனுப்பினேன்.