இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பறக்கிறவருக்கு எந்தக் கடனட்டை?

எங்கள் பாடசாலை ஹட்டன் டவுனில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த வளைவுகளை எல்லாம் தாண்டி ஏறி வந்து, இடைவேளை நேரம் பார்த்து ஆசிரியர் அறைக்குள் தலையை நீட்டுகிறார்கள் கடனட்டை விற்கிற தம்பிமார். கழுத்தில் டை, கையில் படிவம், பேனாவும் அவர்களே தருவார்கள். "சேர், செலவு செய்யிறது எப்படியும் செய்யப் போறீங்க. அதுக்கு மைல் சேர்ந்தா ஃப்ளைட் சும்மா போகலாம்தானே?" மைல் என்பது கார்டில் செலவழிக்கச் செலவழிக்கச் சேருகிற புள்ளி, போதுமானது சேர்ந்தால் விமான டிக்கெட்டாக மாற்றலாம். நாலு வருஷத்துக்கு முன் இப்படி வந்த ஒருவரிடம் நானும் கையெழுத்துப் போட்டேன். சில்லு வைத்த பயணப் பை ஒன்றும் கிடைத்தது. நான் கணிதம் படிப்பிக்கிறவன். அன்றைக்குக் கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

எங்கள் குடும்பம் பறப்பது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் கல்யாணம் காட்சி என்றால்தான். மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிய பெரியப்பா குடும்பம் தமிழ்நாட்டில் நீலகிரி மலையில், கோத்தகிரியில் இருக்கிறது. கட்டுநாயக்காவில் இருந்து திருச்சி, அங்கிருந்து கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், அப்புறம் மலை. மலைநாட்டில் இப்படி எத்தனையோ குடும்பங்கள். கீழே உள்ள கணக்கு அவர்களுக்குத்தான். மாதம் ஒருமுறை சிங்கப்பூர் போகிறவருக்கு வேறு கணக்கு.

முதலில் செய்ய வேண்டியது, உங்கள் பழைய மாதக் கூற்றுகளை எடுத்து வைப்பது. கார்டே இல்லாதவர் வீட்டுச் செலவுக் கொப்பியை எடுக்கலாம். மாதம் எவ்வளவு உண்மையாகவே கார்டில் போகும் என்று பாருங்கள். எங்கள் பக்கம் மரக்கறிக் கடை, சந்தை, ஆட்டோ எல்லாம் காசுதான். சூப்பர் மார்க்கெட், பாமசி, உடுப்பு, போன் பில், பெற்றோல் என்று கூட்டினால் எனக்கு வந்தது 60,000 ரூபா. அதிலும் மின்சாரம், காப்புறுதி, பெற்றோல் போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் புள்ளி கிடையாது. படிவத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும், அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் 40,000.

இனி மைல். 200 ரூபாவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வங்கியின் விகிதம் வேறாக இருக்கலாம், அதைப் போட்டுப் பாருங்கள். மாதம் 200 மைல், வருஷம் 2,400.

ஒரு மைலின் பெறுமதி என்ன? இதை எந்தத் தம்பியும் சொல்வதில்லை, நாமே கண்டுபிடிக்க வேண்டும். திருச்சிக்குப் போக வர டிக்கெட் 62,000 ரூபா, அதில் வரியும் கட்டணங்களும் 24,000, மைலில் எடுத்தால் 20,000 மைல் கேட்கிறார்கள் என்று ஒரு உதாரணம். மைலில் எடுத்தாலும் வரியும் கட்டணமும் பெரும்பாலும் நம் பையில் இருந்துதான் போகும். "சும்மா" என்ற சொல் அங்கேயே செத்துவிடுகிறது. ஆக 20,000 மைல் கொடுத்து மிச்சப்படுத்துவது 38,000 ரூபா. வகுத்தால் மைலுக்கு 1 ரூபா 90 சதம். வருஷத்தில் நான் சேர்க்கும் 2,400 மைலுக்கு 4,560 ரூபா. கார்டின் வருடாந்தக் கட்டணம் 5,000 என்றால் 440 ரூபா நட்டம்.

அதைவிடப் பெரிய பகிடி ஒன்று உண்டு. 20,000 மைல் சேர்க்க எனக்கு எட்டு வருஷமும் நாலு மாதமும் வேண்டும். மைல்களுக்குப் பெரும்பாலும் காலாவதி இருக்கிறது. மூன்று வருஷம் என்று வைத்தால், என் கணக்கில் 7,200க்கு மேல் எக்காலமும் ஏறாது. ஒரு பக்கம் ஊற்ற மறுபக்கம் ஒழுகுகிற வாளி.

அதே 40,000 ரூபாவுக்கு ஒரு வீதம் காசாகத் திருப்பித் தருகிற சாதாரண கார்டு என்றால் வருஷம் 4,800. கட்டணம் 1,500 போனாலும் 3,300 கையில். அது எங்கும் காலாவதியாகாமல் அடுத்த மாதப் பில்லிலேயே கழிந்துவிடும்.

மைல் பிடிக்குமென்றால் கார்டு இல்லாமலே சேர்க்கலாம். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் மைல் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸில் சேரக் காசு வேண்டாம். டிக்கெட் போடும்போது அங்கத்துவ இலக்கத்தைக் கொடுத்தால் போதும். அந்த விமான சேவை 2014இல் இருந்து வன்வேர்ல்ட் என்ற விமான சேவைகளின் கூட்டணியில், கட்டார் எயார்வேஸும் இருக்கிற அதே கூட்டணியில், இருப்பதால், கட்டார் எயார்வேஸில் டோஹா போய் வருகிற மகனின் பயணத்தையும் தன் கணக்கில் சேர்க்க அவனுக்கு வழி இருக்கிறது. மலிவு டிக்கெட்டுகளுக்கு மைல் குறைவாகத்தான் விழும். சென்னைக்குப் பறக்கிற இண்டிகோ அந்தக் கூட்டணியில் இல்லை.

சரி, அப்படியென்றால் இடைக்கிடை பறக்கிறவர் கார்டில் எதைப் பார்ப்பது?

என் கணக்கில் முதலிடம் தவணைக்கு. நாலு பேருக்கு 62,000 வீதம் 248,000 ரூபா. ஆசிரியர் சம்பளத்தில் ஒரே மாதத்தில் அது முடியாது. வட்டியில்லாமல் 12 மாதத் தவணையாக்கினால் மாதம் 20,667. விமான டிக்கெட்டுக்கு இப்படித் தவணை தருகிற வங்கிகள் இங்கே பல இருக்கின்றன. கேட்க வேண்டியவை: நிர்வாகக் கட்டணம் என்று முன்னாலேயே எதையாவது வெட்டுகிறார்களா, எந்த முகவரிடம் அல்லது எந்தத் தளத்தில் எடுத்தால் தவணை செல்லும், எத்தனை நாளுக்குள் போன் பண்ணி மாற்றச் சொல்ல வேண்டும். தவணைக்குப் போன தொகைக்குப் புள்ளி விழாமல் போகலாம். போகட்டும்.

இரண்டாவது, வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி மேலதிகமாக எடுக்கிற வீதம். இது வங்கிக்கு வங்கி மாறும். முத்திரைத் தீர்வை அரசாங்கத்துக்குப் போவது, எந்தக் கார்டு என்றாலும் தப்ப முடியாது, ஆகவே ஒப்பிடும்போது அதை விட்டுவிடலாம். பயணத்தில் 150,000 ரூபா கார்டில் போனால், இரண்டு வீத வித்தியாசம் 3,000 ரூபா. என் ஒரு வருஷ மைல்களில் பாதிக்கு மேல்.

இந்த இடத்தில் நானே சூடுபட்ட கதை ஒன்று. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடை. பில் 8,400 இந்திய ரூபா. கல்லாவில் இருந்த பையன் மெஷினை என் பக்கம் திருப்பினான். திரையில் இரண்டு வரி: இந்திய ரூபா ஒன்று, இலங்கை ரூபா ஒன்று. "எது சார்?" என்றான். நம்ம ஊர்க் காசு என்றால் கணக்கு விளங்குமே என்று இலங்கை ரூபாவை அமத்தினேன். இரவு அறையில் உட்கார்ந்து அன்றைய மாற்று வீதத்தைப் போட்டுப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் கூடப் போயிருக்கிறது. அந்த வரியை அமத்தினால் மாற்று வீதத்தை மெஷின் பக்கத்தில் தீர்மானிக்கிறார்கள், அதில் அவர்களுக்கு லாபம். நம் வங்கி தன் பங்கை அதற்கு மேலும் எடுக்கக்கூடும். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுக் காசையே அமத்துங்கள். அன்றைக்கு என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கடையில் மெஷின் வந்ததும் அவளே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

விமான நிலைய லவுஞ்ச் ஒன்றுக்குத்தான் எனக்கும் ஆசை. ஹட்டனில் இருந்து வான் பிடித்து கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக இறங்கி, வளைவுகளில் சின்னவன் வாந்தியெடுத்து, நடுச்சாமத்தில் கட்டுநாயக்கா போய்ச் சேருகிறவனுக்கு ஒரு மெத்தை நாற்காலியும் சூடான தேத்தண்ணியும் சொர்க்கம்தான். ஆனால் இலவசம் பல கார்டுகளில் கார்டுக்காரருக்கு மட்டும். நான் உள்ளே, மனைவியும் பிள்ளைகளும் வெளியே என்றால் குடும்பம் நடத்த முடியுமா? கூட வருகிறவருக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கொழும்பு ஹோட்டல் சாப்பாட்டில் பாதி விலை, மோலில் கழிவு என்பவற்றைப் படிவத்தில் இருந்து பேனாவால் வெட்டிவிடுங்கள்.

இத்தனைக்கும் அடியில் ஒரு நிபந்தனை. மாதப் பில்லை முழுசாகக் கட்டுகிறவருக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம். அந்த 248,000ஐத் தவணைக்கு மாற்ற மறந்து, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டால், வருஷம் 26 வீதம் என்றாலும் ஒரு மாத வட்டியே 5,300 ரூபாவைத் தாண்டும். ஒரு வருஷம் சேர்த்த மைல் ஒரே மாதத்தில் சாம்பல். 2022 நெருக்கடியில் இந்த வட்டி 30 வீதத்துக்கு மேல் ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். கடனட்டையைப் போட்டு இந்தியாவில் ஏடிஎம்மில் காசு எடுப்பதும் இதே வகைதான். கட்டணமும் உண்டு, வட்டி அன்றைக்கே ஓடத் தொடங்கும்.

புறப்படுமுன் இரண்டு வேலை. கார்டு வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்திருக்கிறதா என்று வங்கியின் செயலியிலோ போனிலோ பாருங்கள். போன் சிம்முக்கு ரோமிங் போடுங்கள். இணையத்தில் காசு கட்டும்போது வருகிற ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும். கோயம்புத்தூரில் நின்றுகொண்டு ஹட்டன் சிம் செத்துக் கிடந்தால், கார்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

என் பழைய கார்டுக்கு வருவோம். முதல் வருஷம் கட்டணம் இல்லை என்றார்கள். இரண்டாவது வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் கூற்றில் ஏறியிருந்தது. போன் பண்ணி, கார்டை மூடப் போகிறேன் என்றதும் அந்த வருஷக் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள். இதை எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்கலாம். மூன்றாவது வருஷம் மறுத்தார்கள், மூடிவிட்டேன். மூடுமுன் இருந்த புள்ளிகளை சூப்பர் மார்க்கெட் வவுச்சராக மாற்றினேன். மூடிய பிறகு நிலுவை இல்லை என்று கடிதம் ஒன்று வாங்கிக் கோப்பில் வைத்தேன். அது இல்லாமல் வந்தால் பிறகு எங்காவது லோன் கேட்கும்போது பழைய 300 ரூபா பாக்கி ஒன்று எழுந்து நிற்கும்.

அந்தப் பயணப் பையின் ஒரு சில்லு கழன்றுவிட்டது. போன முறை அதில்தான் பெரியம்மாவுக்குத் தேயிலை கொண்டுபோனோம், தேயிலைத் தோட்டத்து நடுவில் இருக்கிற கோத்தகிரிக்கு.