வாத்துக் குஞ்சுகளுக்கு இரவுப் பராமரிப்பும் தீவனமும்

குஞ்சு பொரித்த முதல் இரண்டு வாரங்களுக்கு, அவற்றை இரவில் எங்கே அடைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாங்கட்டின் (இரண்டாவது முற்றப் பகுதியின்) ஓரம் காற்றுப் படாமல் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த வழுவழுப்பான தளம் குஞ்சுகளுக்கு ஆகாது. ஊன்றி நிற்கப் பிடிப்பில்லாமல் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் அகன்று, பிறகு நிமிராமலே போய்விடலாம். செய்தித்தாள் விரிப்பதும் இதே கெடுதலைத்தான் செய்யும். முதல் சில நாள்களுக்குப் பிரியாத சாக்கையோ பழைய துண்டையோ விரித்து, குஞ்சுகள் தீவனம் எது என்று அறிந்த பின் இரண்டு அங்குலக் கனத்துக்கு உமி பரப்பலாம்.

முதல் வாரம் சுமார் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். 60 வாட் குண்டு பல்பைக் குஞ்சுகளை அடைக்கும் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும், தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில், கம்பியால் இறுகக் கட்ட வேண்டும். எல்இடி விளக்கு வெளிச்சம் தருமே தவிர இதற்கு வேண்டிய சூடு தராது. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர்கிறது என்றும், விலகிச் சுவரோரம் அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுந்துவிட்டது என்றும் கொள்ளலாம். சித்திரை இரவுகளில் விளக்கே தேவைப்படாமல் போகலாம்; மார்கழியில் அப்படி விட முடியாது.

தண்ணீர்தான் இதில் தொல்லையான பகுதி. வாத்துக் குஞ்சு ஒவ்வொரு வாய்த் தீவனத்துக்கும் தண்ணீரைத் தேடி ஓடும்; தண்ணீரின்றி உலர்ந்த தீவனத்தைத் தின்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே இரவில் தீவனம் வைத்தால் தண்ணீரும் இருக்க வேண்டும், தண்ணீரை எடுத்தால் தீவனத்தையும் எடுத்துவிட வேண்டும். முதல் வாரம் இரண்டையும் விடியும்வரை வைப்பதே நல்லது. மூக்குத் துளை நனையும் ஆழம் போதும்; உள்ளே இறங்கிக் குளிக்காதபடி கிண்ணத்தில் கூழாங்கற்களை நிரப்பி, தட்டின் மேல் வைத்த கம்பிவலை மீது அதை நிறுத்தினால், சிந்துகிற நீர் வலைக்கடியில் உள்ள தட்டில் வடிந்து உமி உலர்ந்தே இருக்கும். நனைந்த குஞ்சு இரவில் விறைத்துப்போகும் என்பதால் இந்தச் சிறு ஏற்பாட்டைத் தவிர்க்கக் கூடாது.

தீவனத்தில் 20 முதல் 22 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும். வெறும் நொய்யும் தவிடும் வயிற்றை நிரப்புமே ஒழிய வளர்ச்சிக்குப் போதாது. கோழிக்குஞ்சுத் தீவனம் வாங்கினால் மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்கி, அதனுடன் சிறிது புரூவர்ஸ் ஈஸ்ட் (நியாசின் என்ற வைட்டமின் உள்ள ஈஸ்ட் தூள்) சேர்க்க வேண்டும். கோழிக்குஞ்சைவிட வாத்துக்கு நியாசின் அதிகம் தேவை, குறைந்தால் கால் வளைந்துவிடும். பிசைந்த தீவனம் சீக்கிரம் புளிக்கும் என்பதால் மாலையோடு அதை நிறுத்தி, இரவுக்குக் குருணை வடிவில் வரும் உலர்ந்த குஞ்சுத் தீவனமே வைக்கலாம்.

மாட்டுக்கென்று வீட்டில் இருக்கும் கடலைப் பிண்ணாக்கைக் கிள்ளிப் போடும் வழக்கத்தை நான் ஒப்புவதில்லை. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சைத் தாங்கும் சக்தி வாத்துக் குஞ்சுக்கு மிகக் குறைவு. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது இந்த நஞ்சு கண்டறியப்பட்டதே கடலைப் பிண்ணாக்கில்தான். அப்போது வாத்துக் குஞ்சுகளும் இறந்தன.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மச்சுகளில் மரநாய் குடியிருக்கும். பூனையும் பெருச்சாளியும் எங்கும் உண்டு. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் பெட்டியின் மேற்புறத்தையும் சேர்த்து மூடிக் கொக்கி மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் மூடினால் எச்சத்தின் காரநெடி உள்ளேயே தங்கிக் கண்ணைக் கெடுக்கும்.