பவளம் வெளுக்கிறதா? பாட்டிலைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளம் நிறம் மாறியதும் கடையில் விற்கும் ஏதாவது ஒரு திரவத்தை வாங்கி ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுங்கள். நிறம் போவதில் பல வகை உண்டு. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு எமனாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் விரும்பி வாங்கும் ஹாமர் கோரலை (சுத்தியல் வடிவ நுனிகள் கொண்ட ஒரு கடினப் பவளம்) வைத்துச் சொல்கிறேன். (வெளிநாட்டில் முறைப்படி வாங்கி வளர்ப்பவர்களுக்கான பதிவு இது. இந்தியாவில் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யார் விற்றாலும் வாங்காதீர்கள்.)

1. வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள்

நீல எல்இடியில் வெளுத்த பவளம்கூட பளபளவென்று மின்னும். அதை அணைத்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தில் படம் எடுங்கள். சில நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்து ஒப்பிடுங்கள்.

2. சதை இருக்கிறதா?

இதுதான் முக்கியமான கேள்வி. பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி வாழ்கிறது. பழுப்பு நிறம் அதனுடையது, பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பகுதியும் அது தருவதுதான். சூடோ வெளிச்சமோ மிஞ்சினால் பவளம் அதை இழந்துவிடும். மிச்சமிருக்கும் சதை கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே உள்ள எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது.

இரவில் பவளம் சுருங்கியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். எலும்பின் மெல்லிய தகடுகள் மீது ஈரமான, ஊடுருவித் தெரியும் தோல் மூடியிருந்தால் அது வெளுப்பு. பவளம் உயிரோடு இருக்கிறது. தகடுகள் மொட்டையாக, கூராக நின்றால் அங்கே சதை செத்துவிட்டது. பழுப்புக் கூழ் போல ஏதாவது படிந்து நாறினால் யோசிக்காமல் வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். பக்கத்துப் பவளங்களுக்கும் அது பரவும்.

3. நிறம் எந்தப் பக்கம் போனது?

மேல்பக்கம் மட்டும் வெளுத்து அடிப்பக்கம் பழுப்பாக இருந்தால் விளக்கைச் சந்தேகப்படுங்கள். புது எல்இடி மாட்டிய வீடுகளில் இது சகஜம். ஒரு பக்கம் மட்டும் என்றால், இரவில் நீண்ட கொடுக்குகளை நீட்டிக் கொட்டும் பக்கத்துப் பவளம் காரணமாக இருக்கலாம். முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தண்ணீரைப் பாருங்கள். நிறம் போகாமல் பழுப்பு ஏறினால் கதையே வேறு: நைட்ரேட், பாஸ்பேட் கூடியிருக்கும் அல்லது வெளிச்சம் போதவில்லை.

4. தண்ணீரைச் சோதியுங்கள்

வெப்பம் 24–26 டிகிரி. உப்பு ஆயிரத்துக்கு 35. ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பை அளக்கும் கருவி) அதற்கான திரவத்தில் சரிபார்த்த பிறகே நம்புங்கள். காரத்தன்மை 7–9 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு). எண்ணைவிட, அது நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். கால்சியம் 400–450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு).

நைட்ரேட் 2–10, பாஸ்பேட் 0.03–0.1 பிபிஎம். இரண்டும் பூஜ்யம் என்றால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்கிம்மரையும் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) பாஸ்பேட் ரிமூவரையும் முடுக்கிவிட்டு, தண்ணீரைத் துடைத்த மாதிரி வைத்துக்கொண்டு, மேலே பலமான விளக்கும் போட்டால் பவளம் பட்டினியில் வெளிறும். என்னைக் கேட்டால் இப்போதைய தொட்டிகளில் அழுக்கைவிட இந்த அதீத சுத்தம்தான் அதிகம் பார்க்கிற கோளாறு.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

சூடு கூடியிருந்தால் முதலில் அதை மெல்ல இறக்குங்கள். ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டுங்கள். விளக்கு காரணமென்றால் பவளத்தைத் தொட்டியின் அடிக்கு இறக்குங்கள், அல்லது விளக்கின் அளவைக் குறையுங்கள். சத்துக் குறைவென்றால் பாஸ்பேட் ரிமூவரை எடுத்துவிட்டு மீனுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தீனி போடுங்கள். வெளுத்த ஹாமருக்கு வாரத்தில் ஓரிரு முறை மைசிஸ் இறால் துண்டு கொடுக்கலாம். நுண்பாசி தந்த சாப்பாடு இப்போது அதற்கு இல்லை.

தேற வாரங்கள் ஆகும், சிலதுக்கு மாதங்கள். முதலில் நிழல்பக்கம் மங்கலான பழுப்பு எட்டிப் பார்க்கும். நுண்பாசி திரும்புகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் விளக்கை ஏற்றிவிடாதீர்கள். பழுப்பு எல்லாப் பக்கமும் பரவிய பிறகு, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றினால் போதும்.