உடம்பைச் சுத்தம் செய்கிறேன் என்று செய்யும் தவறுகள்

நாம் சொல்லாமலேயே கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாக உடம்பைச் சுத்தம் செய்துகொண்டுதான் இருக்கின்றன. நாம் விழுங்கும் மருந்துகளும் உள்ளே போகும் ரசாயனங்களும் பல கொழுப்பில் கரைபவை. சிறுநீரில் எளிதாகப் போகாது. கல்லீரலின் நொதிகள் அவற்றை மாற்றி, தண்ணீரில் கரையும்படி செய்துவிடும். அப்புறம் அவை சிறுநீரிலோ, பித்தநீர் வழியாக மலத்திலோ வெளியேறும். சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகிறது. இந்த வேலைக்கு உபகாரம் என்று நாம் செய்வது பல நேரம் உபத்திரவமாகத்தான் முடிகிறது.

எனக்கு அதிகம் பயம் தருவது கோடையில் எடுக்கும் பேதி மருந்து. பேதி குடலில் இருப்பதைத் தள்ளும். ரத்தத்தில் இருப்பதை எடுக்காது. வேலூர் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது உடம்பில் ஏற்கெனவே நீர் குறைவு. அதற்கு மேல் பேதி. மறுநாள் உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரூஃபெனோ போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சில நாளிலேயே சிறுநீரகம் பழுதாகலாம்.

அடுத்தது, மெடிக்கலில் கேட்டு வாங்கும் ‘ஒரு செட் மாத்திரை’. ஒரு சின்னக் காகித கவரில் கத்தரித்த துண்டுகள்: ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், பாதி கிழிந்த அட்டையில் பெயர்கூட இல்லை. அதில் பாராசிட்டமால் இருக்கிறதா என்று தெரியாமலே வீட்டில் இருக்கும் 650 மில்லிகிராம் பாராசிட்டமாலையும் சேர்த்துப் போடுகிறோம். 650 நான்கு வேளை என்றால் 2,600 மில்லிகிராம். கவரில் வந்த சளி மாத்திரையிலும் 500 இருந்து மூன்று வேளை போட்டால் மொத்தம் 4,100. பெரியவர்களுக்கே ஒரு நாள் உச்ச வரம்பு 4,000தான். பாராசிட்டமாலில் சிறு பகுதியைக் கல்லீரல் ஒரு நச்சுப்பொருளாக மாற்றுகிறது. கல்லீரலில் கையிருப்பாக இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனே செயலிழக்க வைக்கும். அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து கல்லீரலின் செல்களே சாகும். தினமும் குடிப்பவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் கையிருப்பே குறைவு. அவர்களுக்கு இந்த வரம்பும் அதிகம். முதல் நாள் வாந்தியோடு அடங்கியதுபோல் இருக்கும், மஞ்சள் காமாலை பிறகுதான் தெரியும். இந்த நச்சை முறிக்கும் மருந்தை, அளவு மீறிப் போட்ட எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு மீறியது தெரிந்ததுமே, தொந்தரவு இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கீழாநெல்லி அரைத்துக்கொடுத்துக் காத்திருக்கும் நேரமல்ல அது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை பாலாற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். ‘காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும்’ என்பது தவறு. காய்ச்சினால் கிருமிதான் சாகும். அந்தக் கழிவில் இருக்கும் குரோமியம் என்ற உலோகமும் உப்பும் போகாது, நீர் ஆவியாகும் அளவுக்கு அடர்த்திதான் கூடும். ரத்தத்தில் சேர்ந்த குரோமியத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும், ஆனால் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் அது என்ன செய்யும்? தண்ணீரைப் பரிசோதித்து, கெட்டிருந்தால் வேறு தண்ணீருக்கு மாறுவதுதான் வழி. பழைய பேட்டரி உடைக்கும் இடத்து ஈயம் இன்னும் மோசம்: எலும்பில் போய் உட்கார்ந்து பல ஆண்டு இருக்கும். எந்த ஜூஸும் அதை எடுக்காது.

வியர்த்தால் நஞ்சு போகும் என்கிறார்கள். வியர்வையில் போவது மிகச் சொற்பம். அதன் வேலை உடம்பைக் குளிர்விப்பது.

சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் ‘கிரியாட்டினின் நார்மல்’ என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பதும் தவறுதான். சிறுநீரகத்தின் திறன் கிட்டத்தட்ட பாதி குறையும்வரைகூட அந்த எண் நார்மலாகவே காட்டலாம். வலி மாத்திரையோ, சுகர், பிரஷர் மருந்தோ நீண்ட நாளாக எடுப்பவர்கள் சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் சாப்பிடும் சூரணம், பஸ்பம் எல்லாவற்றையும் அவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.