மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமா? ராமநாதபுரம் கரையிலிருந்து தேர்வுக்குத் தயாராகும் வழி

கீழக்கரை, மண்டபம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து உளவியல் படிக்கப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. பட்டம் வாங்கியதும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: உரிமத் தேர்வு எப்போது, அதற்கு எப்படிப் படிப்பது? முதல்முறை தயாராகிறவர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்தத் தேர்வு என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் படிப்பை முடித்தபின் உரிமத்துக்கென்று தனித் தேர்வு எழுத வேண்டும். இந்தியாவில் அப்படி இல்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பை முடித்தவர்கள் அதன் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுதான் உரிமம். ஆகவே கடினமான தேர்வு படிப்பில் சேரும் இடத்திலேயே, நுழைவுத் தேர்வாக நிற்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டம் 13-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 'கிளினிக்கல் சைக்காலஜி' என்று பெயரில் இருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். இப்போது இது இன்னும் முக்கியம். இந்தப் பதிவுக்கு முக்கிய வழியாக இருந்தது எம்.ஃபில். பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு அதையே நிறுத்த முடிவு செய்து, மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. அதன் இடத்துக்கு முதுகலை மருத்துவ உளவியல், சை.டி. (உளவியல் முனைவர் பட்டம்) போன்ற படிப்புகளை ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. அண்ணன், அக்கா எழுதிய காலத்து விதியை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் ஆனாலும் வேறு நிறுவனம் ஆனாலும், அந்த ஆண்டின் அறிவிப்பில் தகுதி, மதிப்பெண் முறை, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு உண்டா என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பாடங்களை வரிசைப்படுத்துங்கள்

பொது உளவியல், வளர்ச்சி உளவியல், ஆளுமைக் கோட்பாடுகள், மூளையும் நடத்தையும், உளப்பிறழ்வு, உளச் சோதனைகள், சிகிச்சை முறைகள், புள்ளியியல், சட்டமும் தொழில் ஒழுக்கமும். இவற்றில் முதல் மூன்றும் இளங்கலையிலேயே படித்தவை. திருப்பிப் பார்த்தால் போதும். கையிலிருக்கும் நேரத்தில் பாதியை உளப்பிறழ்வு, புள்ளியியல், சட்டம் மூன்றுக்கும் கொடுங்கள் என்பேன். பெரும்பாலானவர்கள் நழுவவிடுவது இங்கேதான்.

மூன்றாம் படி: நோய்களைக் கால அளவோடு படியுங்கள்

அறிகுறிகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்:

பாம்பனைச் சேர்ந்த 34 வயது மீனவர். மூன்று வாரங்களுக்கு முன் படகு கவிழ்ந்ததில் உடன் சென்றவர் இறந்துவிட்டார். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அதே காட்சி. தூக்கம் இல்லை. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறார். கரைப் பக்கமே போவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். நோய்க் கையேட்டின்படி இது என்ன?

அவசரப்படுகிறவர்கள் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் என்று குறிப்பார்கள். விடை 'மூன்று வாரங்கள்' என்ற சொற்களில் இருக்கிறது. மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரை அது கடும் மனஅழுத்த நோய். ஒரு மாதத்தைத் தாண்டினால்தான் மற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான ஐ.சி.டி.-11-இலோ, கடும் மனஅழுத்த எதிர்வினை நோய்களின் வரிசையிலேயே இல்லை. கொடுமையைச் சந்தித்த மனிதனின் இயல்பான எதிர்வினை என்று அது கருதுகிறது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது.

நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இந்த இரு கையேடுகளும் வேறுபடும் இடங்களை மட்டும் எழுதி வாருங்கள். மனச்சிதைவுக்கு ஐ.சி.டி. ஒரு மாதம் கேட்கிறது, டி.எஸ்.எம். ஆறு மாதம் கேட்கிறது. நீடித்த துயர நோய்க்கு ஐ.சி.டி.-யில் ஆறு மாதம்; டி.எஸ்.எம்.-இன் 2022 திருத்தப் பதிப்பில், பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். கடலுக்குப் போன கணவரை இழந்து எட்டு மாதமாகத் துயரிலிருந்து மீளாத ஒரு பெண்ணை மனத்தில் வைத்துப் படித்தால் இந்த எண்கள் மறக்காது.

நான்காம் படி: புள்ளியியலைக் கையால் போட்டுப் பாருங்கள்

சூத்திரத்தைப் படித்துக்கொண்டே இருந்தால் பயம் போகாது. ஒரு கணக்கை முழுதாகப் போடுங்கள். ஒரு மீனவக் குப்பத்தில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 50 பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. உங்கள் வினாப்பட்டியல் நோய் உள்ளவர்களில் 80 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும்.

50 பேரில் 40 பேரைக் கண்டுபிடித்துவிடும். நோயில்லாத 950 பேரில் 95 பேருக்கும் தவறாக 'நோய் உண்டு' என்று காட்டும். ஆக மொத்தம் 135 பேர் மேல் சந்தேகம் விழுகிறது. உண்மையில் நோய் உள்ளவர் 40 பேர்தான். நூற்றுக்கு முப்பது கூட இல்லை. சோதனை நல்லதாக இருந்தும், நோய் அரிதாக இருப்பதால் முடிவு இப்படி ஆகிறது. ஒரு வினாப்பட்டியலை நிரப்பவைத்து அன்றே ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்டக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். இந்தக் கணக்கை எண்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். அதன்பின் இயல்நிலைப் பரவலுக்கு வாருங்கள். நுண்ணறிவு ஈவின் சராசரி 100, திட்ட விலக்கம் 15. 70 என்பது இரண்டு விலக்கம் கீழே, அதற்கும் கீழே வருவோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர்.

ஐந்தாம் படி: சட்டத்தை இந்த மண்ணிலிருந்து படியுங்கள்

மற்ற ஊர்களில் மனநலச் சட்டம் கடைசி வாரத்தில் புரட்டும் பாடமாக இருக்கலாம். நமக்கு அப்படி இருக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தர்காவில் குணமாகும் என்று மனநோயாளிகளை அழைத்துவரும் நம் ஏர்வாடியில், அவர்கள் தங்கவைக்கப்பட்ட ஒரு கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நாட்டின் மனநலப் பராமரிப்பே விசாரணைக்கு உள்ளானது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆம் பிரிவைத் திறந்து வாசியுங்கள். மனநோயாளியை எந்த வகையிலும், எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. விதிவிலக்கு கிடையாது. 97-ஆம் பிரிவு வேறு: தனிமைச் சிறை கூடாது; உடலைக் கட்டுப்படுத்துவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும். இந்த இரண்டையும் குழப்பும் கேள்விகள் வரும். கட்டப்பட்டிருந்த அந்த 28 பேரை நினைத்துக்கொண்டு படிப்பவர் குழம்ப மாட்டார்.

கூடவே இவற்றையும் பாருங்கள்: முன்கூட்டியே தன் சிகிச்சை விருப்பத்தை எழுதிவைக்கும் உரிமை 5-ஆம் பிரிவு, ஆதரவுடன் கூடிய சேர்க்கை 30 நாள் வரை 89-ஆம் பிரிவு, அவசர சிகிச்சை 72 மணி நேரம் 94-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்னும் 115-ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. மனநோயும் அதில் அடங்கும்.

ஆறாம் படி: நேர்காணல்

ராமநாதபுரம் என்று விண்ணப்பத்தில் பார்த்ததும் ஏர்வாடி தர்காவைப் பற்றிக் கேட்க வாய்ப்பு அதிகம். "நோயாளியைக் குடும்பத்தார் தர்காவில்தான் வைத்திருப்போம் என்கிறார்கள். என்ன செய்வீர்கள்?" மூடநம்பிக்கை என்று தொடங்கினால் அந்தக் குடும்பத்தை அங்கேயே இழந்துவிடுவீர்கள். ஏர்வாடியில் 'தவா-துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. துவாவை நிறுத்தச் சொல்லாமல் மருந்தைத் தொடங்குவது எப்படி, கட்டி வைக்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் நிற்பது எப்படி என்று சொல்லுங்கள். முடிந்தால் மாவட்ட மனநலத் திட்ட அலுவலரிடம் அனுமதி பெற்று, புறநோயாளிப் பிரிவு நடப்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டு வாருங்கள்.

படிப்பு முடிந்த பின்

சான்றிதழ்கள் கைக்கு வந்தவுடன் ஆர்.சி.ஐ. பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பதிவெண் வரும்வரை 'மருத்துவ உளவியலாளர்' என்று பெயர்ப்பலகை வைக்காதீர்கள்; அதுவரை பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றுங்கள். பதிவு காலாவதியாகும் தேதியையும் அன்றே குறித்துவைத்துவிடுங்கள், புதுப்பிக்க வேண்டியிருக்கும்.